சிவப்புச் சட்டை

"பட்டனை அமுக்கினா படம் வரும். அதுக்கு ஏன் சார் இவ்வளவு சடங்கு?"

துணிக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. இணையத்தில் பிள்ளைகள் கவுன் விற்கிறவள். அவளே செல்போனில் எடுத்துப் போட்ட படத்தில் ரோஜா நிறம், வாங்கினவர் கையில் செங்கல் நிறம். பாதிச் சரக்கு திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் திரும்பினால் கடையை மூட வேண்டியதுதான்.

போட்டோக்காரர் அசரவில்லை. ஒவ்வொரு கவுன் பக்கத்திலும் கட்டம் கட்டமாக நிறம் அடித்த ஓர் அட்டையை வைத்து எடுத்தார். அப்புறம் கம்ப்யூட்டர் திரையில் மவுஸ் மாதிரி ஒரு கருவியைத் தொங்கவிட்டார். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னியது.

"இந்தக் கருவி திரையைச் சரி பண்ணும்மா. அட்டையை வெச்சு கம்ப்யூட்டர் படத்தைச் சரி பண்ணும்."

"ஏன், நீங்களே பார்த்துப் பண்ண மாட்டீங்களா?"

"கண்ணு ஆளை ஏமாத்தும். கருவி ஏமாத்தாது."

'பெரிய விஞ்ஞானின்னு நினைப்பு' என்று முணுமுணுத்தாள்.

அவர் மனைவி டீயோடு உள்ளே வந்தாள். மனுஷன் பாய்ந்தார்.

"சிவப்புச் சட்டையோட இந்த ரூமுக்குள்ள வராதேன்னு சொன்னேனா இல்லையா? அந்த நிறம் திரையில அடிக்கும்! போய் மாத்து!"

"மறந்துட்டேங்க." அவள் டீயை வைத்துவிட்டு வெளியே போனாள்.

துணிக்காரிக்கு ரத்தம் கொதித்தது. பின்னாலேயே போனாள்.

"ஏன்க்கா, இந்த ஆளோட எப்படிக் குடித்தனம் பண்றீங்க? நானா இருந்தா அந்த டீயை அப்படியே தலையில..."

உள்ளே சரியாகக் கவனிக்காத சட்டையை வெளி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அக்கா, இது பச்சை!"

"ஷ்ஷ்! அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பிறந்ததுலேர்ந்தே அப்படி. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. வெளியில சொல்லிடாதம்மா, ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க."

"அய்யோ, என் கவுன்!"

உள்ளே ஓடினாள். படங்கள் தயாராக இருந்தன. ஒவ்வொரு கவுனாக எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நூலளவும் பிசகவில்லை.

நல்ல கண் இரண்டை வைத்துக்கொண்டு தான் எடுத்த லட்சணத்தை நினைத்துக்கொண்டாள்.

"நிறமெல்லாம் சரியா இருக்காம்மா?" அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்னைப் போய்க் கேக்கறீங்களே சார். உங்களுக்குத் தெரியாத நிறமா!"