எந்த ராஜாய்யா நீ?

ஒரு கிண்ணத்தில், காய்ச்சி வடித்த நீரில், பழைய ரோமானியச் செப்புக் காசு ஒன்று மாதக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது. நாணயம் சேகரிப்பவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை வெளியே எடுத்து, தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்ப்பார். "எந்த ராஜாய்யா நீ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"காசுன்னா ஆம்பளை முகம்தான் இருக்கணுமா?" என்று காசு பிரஷ்ஷிடம் அலுத்துக்கொண்டது. "நான் ராணி. தலையைச் சுத்தி என் பேர் இருக்கு, கல்வினா. இப்படி அழுத்தித் தேய்ச்சா அதுவும் போயிடும்."

"அழுத்துறது நான் இல்லம்மா, என்னைப் பிடிச்சிருக்கிற கை" என்றது பிரஷ். "சரி, முடிஞ்சவரைக்கும் வளைஞ்சு குடுக்கிறேன்."

சொன்னபடியே எழுத்து வரும் இடங்களில் எல்லாம் பிரஷ் வளைந்து கொடுத்தது. அதில் அதன் நார்கள் பாதி உதிர்ந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சை அழுக்கு விலகி, பின்னிய கொண்டையும் நிமிர்ந்த மூக்கும் தெரிந்தன. சுற்றிலும் ஒரு எழுத்துகூடக் குறையாமல் பெயர்.

"பார், இனிமே பேர் சொல்லிக் கூப்பிடுவார்" என்றது காசு.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "கல்... வி... னா." உடனே நண்பருக்குப் போன் போட்டார்.

"மச்சான், இது ராஜா இல்லடா, பொம்பள. யாரோட பொண்டாட்டின்னு புத்தகத்துல பாத்துச் சொல்லு."



"வேணும்னா இன்னும் கொஞ்சம் தேய்ச்சுப் பாக்கட்டுமா?" என்று பிரஷ் மெதுவாகக் கேட்டது.

"வேண்டாம். எழுத்து நல்லாத்தான் தெரியுது."