பிரசவ வார்டின் கேபிள்

மருத்துவமனையின் பிரதான கணினிக்குப் பின்னால் மண்டியிட்டிருக்கிறாள் டெக்னீஷியன். டார்ச் வெளிச்சத்தில் கேபிள்கள் சிக்குப்பிடித்துக் கிடக்கின்றன. செருக ஓர் இடம்கூடக் காலியில்லை. இயக்குநர் அறைக்குப் புது பிரிண்டர் வந்திருக்கிறது. அதற்காகப் பிரசவ வார்டின் டெர்மினல் திரைக்குப் போகும் கேபிளைக் கழற்றச் சொல்லியிருக்கிறார் மேலாளர், அங்கே யாரும் அந்தத் திரையைத் தொடுவதே இல்லை என்று. கேபிளை உருவிய மறுநொடி தொலைபேசி அலறுகிறது. "என்னம்மா, ஸ்கிரீன் அணைஞ்சுபோச்சு? ரிசல்ட் பார்த்துட்டு இருந்தேன், இங்க ஒருத்திக்கு ரத்தம் நிக்கல!" ரிசீவரில் வார்டு நர்ஸ் கத்துவது அறை முழுக்கக் கேட்கிறது. "லேபுக்கு ஓடிப்போய்க் கேட்டுக்கட்டும்," என்கிறார் வாசலில் நிற்கும் மேலாளர். "பேப்பர் எடுக்க டைரக்டர் எத்தனை தடவைதான் எழுந்து நடப்பாரு?" டெக்னீஷியன் பிரிண்டர் கேபிளைத் தரையில் வீசுகிறாள். வார்டின் கேபிளைத் திரும்பச் செருகி, விரல்நுனி வெளுக்கத் திருகாணிகளை முறுக்குகிறாள். கணினியின் கன்சோல் விசைப்பலகையில் படபடவென்று தட்டுகிறாள். "வந்துடுச்சு!" என்கிறாள் ரிசீவரில் நர்ஸ். டெக்னீஷியன் எழுந்து, திருப்புளியையும் ரிசீவரையும் மேலாளரிடம் நீட்டுகிறாள். "லைன்லதான் இருக்காங்க சார். யாருக்காகக் கழட்டுறீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டு, நீங்களே கழட்டுங்க." மேலாளரின் கைகள் இரண்டும் பேன்ட் பைக்குள்ளேயே இருக்கின்றன.