சட்டத்தில் இல்லாத ஒரு வரி

"உக்கிரபாண்டி விலை போயிட்டாருய்யா!"

வீரணன் கத்தியதும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்த ஏலக்காய்த் தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. பெரும்பங்கை இந்தியர்களுக்குக் கொடு, இல்லையென்றால் கிளம்பு என்று சர்க்கார் சட்டம் போட்டுவிட்டது. எழுபத்தெட்டாம் வருஷம், தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பக் கம்பெனியும் முடிவு செய்தது.

'அந்நியக் கம்பெனியே வெளியேறு' என்று பத்து வருஷம் கோஷம் போட்டவர்தான் யூனியன் தலைவர் உக்கிரபாண்டி.

"இன்னைக்கு மேனேஜர் பங்களாவுல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்!" என்றான் வீரணன்.

உக்கிரபாண்டி வந்ததும் வீரணன் மறித்தான்.

"அங்க என்னண்ணே சோலி?"

"காரியம் முடிஞ்சா சொல்றேன் அப்பு."

"இப்பச் சொல்லுங்க!"

அவர் விலகி நடந்தார். அன்றைக்கே அவரை யூனியனை விட்டு நீக்கினார்கள்.

புது முதலாளி நம் நாட்டுக்காரர். வேட்டு போட்டு வரவேற்றார்கள். ஏலக்காய் மாலையை வீரணனே போட்டான்.

மூன்றாம் மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பூட்டி, டாக்டரை அனுப்பிவிட்டார் முதலாளி.

ஐப்பசி மழையில் வீரணன் மனைவி மருதாயிக்குப் பிரசவ வலி கண்டது. ஜீப்பில் ஏற்றிக் கீழே போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள்.

"வெரசாப் போங்கண்ணே... வெரசா..." என்று முனகிக்கொண்டே வந்தவள், பாதி மலையில் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அடக்கம் முடிந்தது. உக்கிரபாண்டி மட்டும் கிட்டே வராமல், தூரத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்.

"அந்தாளு எதுக்கு வந்தான்?" வீரணன் சீறினான்.

வேலை போன கம்பவுண்டர் சுடலை அவன் தோளைத் தொட்டார்.

"ஆஸ்பத்திரிய ஏன் மூடுனீங்கன்னு முதலாளிகிட்டக் கேட்டியா, தம்பி?"

"கேட்டேன். 'பங்கு இந்தியன் கையில இருக்கணும்னுதான் சட்டம். டாக்டர் இருக்கணும்னு அதுல ஒரு வரி இருக்கா?'ன்னுட்டாரு."

"அந்த ஒரு வரியத்தான் உக்கிரபாண்டி அன்னைக்குக் கேட்டாரு. 'ஆஸ்பத்திரிய மூடக்கூடாதுன்னு கிரயப் பத்திரத்துல எழுதிட்டுப் போங்க'ன்னு மேனேஜர்கிட்டக் கெஞ்சுனாரு. முடியாதுன்னுட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். காரியம் நடக்கலன்னதும், யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டாரு."

வீரணன் நிமிர்ந்து பார்த்தான்.

"'நம்ம வீரணன் பொண்டாட்டி இப்பத்தான் முழுகாம இருக்கா, துரை'ன்னு சொல்லித்தான் அவன் கால்ல விழுந்தாரு."