மஞ்சள் அடைத்த ஓட்டை

பட்டறையில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது இன்ஜின். மேம்பாலம் ஏறும்போது சூடேறி, நெஞ்சடைத்து நின்றுபோன இன்ஜின். காருக்கு ஒரே குழப்பம்.

"தம்பி ரேடியேட்டர், இவரைப் பிரிச்சு வேலை பார்க்கலாமா, இல்ல வேற இன்ஜின் வைக்கலாமா? கூடவே இருந்தவன் நீதான், சொல்லு."

 ரேடியேட்டரின் அடியில் ஓர் ஓட்டை. எப்போதோ மஞ்சள்தூள் போட்டு அடைத்தது, மறுபடி விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றி ரேடியேட்டர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்ஜினைப் பிரித்தால், தண்ணீரில்லாமல் வெந்த கதை வெட்டவெளிச்சமாகிவிடும்.

"வேண்டாம்ணே. வயசான காலத்துல அவரைக் கூறு போடணுமா? புதுசே வச்சிடுங்க."

"என் மேல எவ்வளவு பாசம் இவனுக்கு!" என்று நெகிழ்ந்துபோனது இன்ஜின். அப்படியே காயலான் கடைக்குப் போனது.

புது இன்ஜின் வந்து உட்கார்ந்தது. ரேடியேட்டர் அப்பாடா என்றது. வண்டி கிளம்பியது, அடியில் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. மேம்பாலம் ஏறும்போது புதுசு மெல்லக் கேட்டது:

"அண்ணே, தொண்டை வறளுது. கொஞ்சம் தண்ணி வருமா?"

ரேடியேட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழையவரும் இதே இடத்தில், இதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இப்போதும் சொன்னது:

"வந்துக்கிட்டே இருக்கு. நீ பாட்டுக்கு ஓடு."