வண்டி சூடாகும் இடங்கள்

"மறுபடியும் சூடாயிடுச்சு," என்று சொல்லி மாமனார் வேனைப் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒதுக்கினார்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் கிளம்பியதிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைக்கூட விட்டிருந்தான்.

"முள் நடுவுலதானே மாமா இருக்கு?"

"அந்த முள்ளை நம்பினா நடுரோட்ல நிக்க வேண்டியதுதான். இந்த வண்டிக்குக் காதுதான் மீட்டர். நீங்க கிட்ட வராதீங்க மாப்பிள்ளை, ஆவி அடிச்சிடும்."

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டார்.

ரிட்டையர் ஆனதும் ஊர் சுற்றவென்று அவர் வாங்கிய வேன். வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, கயிறு போட்டால்தான் மூடியிருக்கும் அலமாரி. வேகம் கொஞ்சம் கூடினால் அலமாரியில் இருக்கும் தட்டும் டம்ளரும் தந்தியடிக்கும்.

போன் அடித்தது. மனைவி.

"எங்க வந்திருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கோம்."

"நின்னுட்டு இருக்கீங்க. சத்தமே இல்லையே."

"வண்டி சூடாயிடுச்சாம்."

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "ஆறு மணிக்கு மேல வார்டுக்குள்ள யாரையும் விட மாட்டாங்க. காலையில முதல் ஆபரேஷன் எனக்குத்தான். அம்மா முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிட்டா போதும். அந்த டப்பாவை ஏன் எடுத்துட்டு வந்தீங்க? பஸ்ல கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"உங்க அப்பாகிட்ட கேளு."

அவன் பஸ் என்றுதான் சொன்னான். மனைவிக்குத் துணையாகத் தன் அக்காவை உட்கார வைத்துவிட்டு, மாமனார் மாமியாரை அழைத்துப் போகவே ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தான். "பஸ் சரிப்பட்டு வராது," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மாமனார் வேன் சாவியைத் தேடப் போய்விட்டார். பெண்ணைவிட வண்டி பெரிதாகப் போய்விட்டது மனுஷனுக்கு.

போனைப் பையில் போட்டுக்கொண்டு வேனைச் சுற்றி வந்தவன் அப்படியே நின்றான்.

மாமனார் பின் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கேனிலிருந்த தண்ணீரை நிதானமாக மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "மிச்சம் கொஞ்சம் இருந்தது..."

"கேன் நிறையவா மிச்சம்?"

மாமனார் கேனின் மூடியைத் திருகினார்.

"சாவியைக் குடுங்க. இனிமே நான் ஓட்டறேன். அங்க உங்க பொண்ணு வாசலையே பாத்துட்டுக் கெடக்கா."

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பங்க்கின் பின்பக்கத்திலிருந்து மாமியார் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"ஆறிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆறிடுச்சு," என்றார் மாமனார். சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

அதற்கப்புறம் வண்டி சூடாகவில்லை. மேட்டில் முனகியது, இறக்கத்தில் உருண்டது, ஓடிக்கொண்டே இருந்தது. இருபுறமும் வெறும் பொட்டல். இப்படியே போனால் ஆறு மணிக்கு முன்னால் போய்விடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு வந்தது.

பின் சீட்டில் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. மாமியார் கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மகளை நினைத்துப் படபடக்கிறாள் போலிருக்கிறது.

"அத்தை, தண்ணி குடிக்கறீங்களா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்."

தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது.

"மாப்பிள்ளை, ஏதோ சூட்டு வாடை வருதே," என்றார் மாமனார்.

"எனக்கு வரலை மாமா."

"கொஞ்சம் நிறுத்திப் பாத்துடலாமே."

"மண்ணுக்குத் தண்ணி ஊத்தறதுக்கா?"

பங்க் வந்தது, போனது. அது போன திசையிலேயே மாமனாரின் கழுத்தும் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தான். மாமியார் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். கொக்கிச் சத்தம் நின்றிருந்தது.

மாமனார் அவன் பக்கமாகச் சாய்ந்தார். எஞ்சின் இரைச்சலுக்குள் ஒளித்து வைப்பதுபோல் பேசினார்.

"பிரஷருக்குப் புது மாத்திரை குடுத்திருக்காங்க மாப்பிள்ளை. அடிக்கடி போகணும் அவளுக்கு. அடக்க முடியாது. உங்க முன்னாடி வாய் திறந்து கேக்கறதுக்குப் பதிலா உசுரை விட்டுடுவா. பஸ்ஸுனா யாருகிட்ட போய் நிறுத்தச் சொல்றது? அதான்... வண்டிக்கு முடியலைன்னா யாருக்கும் வெக்கம் இல்ல பாருங்க."

காலையிலிருந்து வண்டி நின்ற இடங்கள் எல்லாம் அவன் கண் முன்னால் வந்தன. பங்க், ஓட்டல், மறுபடியும் பங்க். பொட்டலில் ஒரு தடவைகூட அது சூடாகவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தான். பிரேக்கை மிதித்து, வண்டியை வந்த வழியே திருப்பினான். தட்டும் டம்ளரும் தந்தியடித்தன.

"என்னாச்சு? ஏன் திரும்பறோம்?" மாமியார் கண்ணைத் திறந்தாள்.

"மாமா சொன்னது சரிதான் அத்தை. வண்டி சூடாயிடுச்சு."

பங்க்கில் நிறுத்தியதும் மாமியார் வேகமாக இறங்கிப் போனாள். மாமனார் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். போன் அடித்தது.

"இப்ப எங்க?"

"லேட்டாகும் போல. நர்ஸ்கிட்ட இப்பவே கெஞ்சி வெச்சுக்கச் சொல்லு அக்காவை. எப்படியும் உள்ள வந்துடுவோம்."

"ஏன், என்னாச்சு?"

"வண்டி சூடாயிடுச்சு," என்றான். மாமனார் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டு போய், டயருக்குப் பக்கத்தில் குந்தி, தண்ணீரை மண்ணில் ஊற்ற ஆரம்பித்தான்.