கதவுக்கு வெளியே

பகல் வெயில் ஜன்னல் வழியாக அறைக்குள் சாய்ந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில்தான் புகை தெரிகிறது. மூச்சுத் திணறும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் பிளாஸ்டிக் கூடாரத்தை, அந்தக் குழந்தையே இழுத்துப் பிய்த்துவிட்டது. வெள்ளையாக, சத்தமில்லாமல், மருந்து அறையெங்கும் பரவுகிறது. கதவைத் திறந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். இந்தப் புகை கருவைப் பாதிக்கும், கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது என்ற அட்டை அவள் கண்ணுக்கு நேராகத் தொங்குகிறது. அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்தபின் இது மூன்றாவது, ஒன்பது வாரம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. உள்ளே மானிட்டர் விடாமல் அலறுகிறது. குழந்தையின் உதடு நீலம் பாரிக்கிறது.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? உள்ள போ!" என்று பின்னாலிருந்து ஓடிவருகிறாள் மூத்த நர்ஸ்.

"அக்கா... நான் முழுகாம இருக்கேன்."

அக்கா அவள் முகத்தை ஒரு கணம் பார்க்கிறாள். கொக்கியில் தொங்கும் முகக்கவசத்தை எடுக்கிறாள், நாடா அறுந்திருக்கிறது. ஒரு கையால் அதை மூக்கோடு அழுத்திப் பிடித்தபடி உள்ளே போய், புகை விடும் இயந்திரத்தை நிறுத்துகிறாள். குழந்தையைத் தூக்க ஒரு கை போதவில்லை. கவசத்தை விட்டுவிடுகிறாள். குழந்தையை மார்போடு அணைத்து, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தபடியே திரும்பிக் கத்துகிறாள்: "கதவ சாத்துடி! வெளிய வருது பாரு!"

குழந்தை வீறிட்டு அழுகிறது. உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறுகிறது. அக்கா ஒருமுறை இருமுகிறாள். இவள் அக்காவை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்துகிறாள்.