பதினொரு போல்ட்டுகள்

மதியச் சாப்பாட்டு நேரம். பட்டறையின் தகரக் கூரை இடுக்கு வழியாக விழும் வெயிலில், கழற்றிய கியர்பாக்ஸின் பதினொரு போல்ட்டுகள் அழுக்குத் துணிமேல் ஆட்டக்காரர்களாக நிற்கின்றன. நேற்றுத் தோற்ற கால்பந்து ஆட்டத்தை அவற்றை வைத்துத் தன் மச்சான் பெயின்டருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார் வெல்டர். "பின்னாடி நாலு பேர் நின்ன இடத்துல மூணு பேரை நிறுத்துனா, ஓரமா வர்றவனை யாரு புடிப்பா?" பெயின்டர் ஒரு போல்ட்டை முன்னே நகர்த்துகிறார். "கோல் போடணும்னா முன்னாடி ஆளை ஏத்தித்தானே ஆகணும். பழைய கோச் இருந்தப்ப மட்டும் ஜெயிச்சுக் கிழிச்சோமாக்கும்." வெல்டர் விடுவதாயில்லை. "இப்ப இருக்கிறவரு புது கோச் வர்ற வரைக்கும் டீமைப் பாத்துக்கிற ஆளு. நாலு வாரம் இருந்துட்டுப் போறவருக்கு எதுக்கு மச்சான் இந்த வேலை? இருக்கிறதை அப்படியே ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே." சொல்லி முடித்த பிறகுதான் மச்சானின் பார்வை போகும் திசையைக் கவனிக்கிறார். இரண்டடி தள்ளி, திறந்த கியர்பாக்ஸின் மேல் குனிந்திருக்கிறார் தற்காலிகப் பொறுப்பு ஃபோர்மேன். பழைய ஃபோர்மேன் போய் ஒரு மாதமாகிறது. அவருடைய கண்ணாடி அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது. இவருடைய டிபன் பாக்ஸ் லேத் மெஷின்மேல் இருக்கிறது. இன்று காலைதான் வெல்டரின் மேசையைச் சன்னல் பக்கத்திலிருந்து கதவோரம் மாற்றச் சொன்னார். ஃபோர்மேன் நிமிரவில்லை. கிரீஸ் படிந்த கையை மட்டும் நீட்டுகிறார். "பேசி முடிச்சாச்சுன்னா அந்தக் கோல்கீப்பரைக் குடுங்க. மூடியை மாட்டணும்."